தன் கையும் பிறர் கையும்: மோட்டார் வண்டிப் பராமரிப்புப் பற்றிய ஓர் ஒழுக்க வினா

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருவீதி கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்து வளைந்து ஏறி முடிந்ததும், ஏறிக் களைத்த வண்டிகளை எதிர்கொள்ளும் கடைவீதி பிலிமத்தலாவையுடையதாகும். வீதியோரத்திலே பித்தளைக் குத்துவிளக்குகள் மின்னும் கடைகள். அவற்றுக்கிடையே ரயர் கடைகள், உதிரிப்பாகக் கடைகள், எண்ணெய்க் கறை படிந்த முற்றங்களையுடைய கராஜ்கள். அவ்வூரிலும் அயலிலும் வாழ்ந்து பேராதனைக்கும் கண்டிக்கும் அன்றாடம் தொழிலுக்குச் செல்லும் ஆசிரியர், எழுதுவினைஞர், விரிவுரையாளர் முதலியோரின் வீட்டு முற்றங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வேறொரு காட்சியையும் காணலாம். காரின் முன்பக்கம் உயர்த்தப்பட்டிருக்கும். அதன் கீழிருந்து இரு கால்கள் நீண்டிருக்கும். அருகே பழைய சாரத் துணியொன்றும் தகர வாளியொன்றும் கிடக்கும். உரிமையாளர் தமது வண்டியின் எண்ணெயைத் தாமே மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இவர் செய்வது நன்றா, அன்றி வீதியோரத்துக் கராஜிலே வண்டியை விட்டுப் பணம் கொடுத்து மீட்டுவருபவர் செய்வது நன்றா? மெய்யியல் வகுப்பிலே எழுப்பத்தக்க வினா இதுவன்று என முகம் சுளிப்போரும் உளர். ஆயினும், ஒருவர் தமக்குரிய வேலையில் எதனைப் பிறரிடம் கூலிக்கு ஒப்படைக்கலாம், எதனை எவ்வளவு கூலி கொடுத்தும் ஒப்படைக்க இயலாது என்ற பழைய வினாவே இங்கு கையில் ஸ்பானரோடு வந்து நிற்கின்றது.

பெரும்பாலோர் கணக்கு வழியாகவே விடை கூறுவர். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் காரணமாக இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடையில், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. எண்ணெய், வடிகட்டி, பிறேக் பாட் யாவும் இறக்குமதிப் பண்டங்கள். சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. புதிய வண்டி வாங்க வழியில்லாமையால் பழையதைச் சாகவிடவும் முடியவில்லை. வெப்ப இயக்கவியலிலே முதல் வகுப்புப் பெற்றும் பிளக் கழற்றியறியாத பலர் அக்காலத்திற்றான் ஸ்பானர் பிடிக்கக் கற்றனர்.

எனினும் அக்கணக்கு உற்றுநோக்குமிடத்து உறுதியாக நிற்பதில்லை. சிறிய கார் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு லீற்றர் எண்ணெய், ஒரு வடிகட்டி, வடிகால் ஆணிக்கு ஒரு புதிய வளையம்: இவற்றின் விலை வீட்டிலும் கராஜிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மிஞ்சுவது கூலி மட்டுமே. அதற்கு ஈடாக ஒரு காலைப்பொழுது செலவாகின்றது. வடிகால் ஆணியை அளவுக்கு மிஞ்சி முறுக்கி எண்ணெய்த் தொட்டியின் புரியை அழித்துவிட்டால், பல ஆண்டுகள் மிச்சம்பிடித்த கூலி ஒரே நாளிற் போய்விடும். எனவே கணக்கு இவ்வழக்கைத் தீர்க்காது. தீர்க்குமாயின் இது பொருளியலார்க்குரிய வினாவாக முடிந்திருக்கும்.

தட்டுப்பாட்டுக் காலத்தின் அனுபவம் இந்நாட்டவருக்குப் புதிதன்று. 1960களிலும் 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியபோது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய ஆங்கிலேய வண்டிகள் பிறந்த நாட்டிலே கழிக்கப்பட்ட பின்னரும் இங்கு ஓடின. கிடையாத பாகத்தைக் கடைந்தும் வார்த்தும் ஒட்டியும் செய்துகொள்ளும் திறன் ஊர்தோறும் வளர்ந்தது. பின்னர் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையமொன்று தனக்கு வேண்டிய பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தது என்பது சுவையான செய்தி. மாணவன் ஆசிரியனுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தது போன்றது அது.

இதனினும் கடுமையான சோதனை 1990களில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் குடாநாட்டுக்கு வரவில்லை. பழைய ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்க விகிதம் உடையவை. ஆதலால் சூடேறியபின் மண்ணெண்ணெயை எரிக்கவல்லவை. சூடேறும்வரை ஓட்டுவதற்குச் சிறு போத்தலிற் பொன்போலப் பேணிய பெற்றோலிற் சில துளிகள் கார்பரேற்றரில் விடப்பட்டன. கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைப்பது சாரதியின் அன்றாடக் கடமையாயிற்று. இவ்வனுபவத்தைத் தன்னிறைவின் வெற்றியாகப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. உண்மை சற்று வேறானது. தனிமனிதர் ஒவ்வொருவரும் தத்தம் முற்றத்திலே கண்டுபிடித்த வித்தையன்று அது. கராஜ்களிலே பல்லாண்டு பழகிய கைகள் முதலிற் கண்டறிந்தன. மற்றையோர் அருகில் நின்று பார்த்துக் கற்றனர். பிறர் கை ஒன்று முன்னே செல்லாமல் தன் கை அங்கு எதனையும் சாதிக்கவில்லை. வேறு வழியின்றிச் செய்யப்பட்ட அச்செயலை அறமென்று பாராட்டுவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தெரிவு இல்லாத இடத்தில் ஒழுக்க வினா எழுவதில்லை. தெரிவு மீண்ட பின்னரே எழுகின்றது.

தெரிவு உள்ள நிலையிலும் தன் வேலையைத் தானே செய்தலே உயர்வு என்பாருக்குக் காந்தியடிகள் துணையாவார். தென்னாபிரிக்காவிலே வழக்கறிஞராக இருந்தபோது சலவைச் செலவு மிகுதியெனக் கண்டு தம் கழுத்துப்பட்டியைத் தாமே வெளுத்தார். கஞ்சி மிகையாகி அது நீதிமன்றத்திலே உதிர, உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதனொருவன் முடிவெட்ட மறுத்தபோது கருவி வாங்கித் தம் கையாலேயே வெட்டிக்கொண்டார், பின்பக்கம் அலங்கோலமாயிற்று. இவற்றைத் தமது சுயசரிதையில் அவரே ஒளிவின்றி எழுதியுள்ளார். அங்கு மனங்கொள்ளத்தக்கது, அவர் அந்நாவிதன்மேற் சினங்கொள்ளாமை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடிவெட்ட நாவிதரை அனுமதியாத ஒரு சமூகத்திலிருந்து வந்த தாம், அதன் பயனையே அந்நிய மண்ணில் அடைந்ததாக அவர் கருதினார். செலவைக் குறைக்கத் தொடங்கிய தற்சேவை, பணிசெய்வோரைத் தன் சமூகம் எவ்வாறு நடத்தியது என்ற வினாவிற் போய் முடிந்தது.

இவ்வினா தமிழரிடத்து வந்து சேரும்போது கசப்பாகவே சேர்கின்றது. வெளுப்பதும் வெட்டுவதும் பறையடிப்பதும் குடிமைத் தொழில்களாகி, பிறப்பினால் விதிக்கப்பட்டு, உரிய கூலியின்றி வாங்கப்பட்ட காலம் யாழ்ப்பாணத்திலே நெடுந்தொலைவிலில்லை. அம்முறையிலே பணிசெய்பவர்க்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. கராஜ் உரிமையாளரோ, “இன்று முடியாது, செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள்” என்று சொல்லலாம். பேராசிரியரானாலும் செவ்வாய் வரை பொறுத்திருக்கவே வேண்டும். கூலி கொடுத்து வேலை வாங்குவதை இழிவாகவும் தானே செய்வதைத் தூய்மையாகவும் காண்போர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். காசு பல இடங்களில் மனிதரைப் பிரித்துள்ளது. இவ்விடத்திலே மனிதனுக்கு மறுக்கும் நாவைக் கொடுத்துள்ளது.

சொற்களின் வரலாறும் இங்கு சிந்திக்கத்தக்கது. கராஜ் தொழிலாளியைச் சிங்களவரும் தமிழரும் பாஸ் என்றே அழைப்பர். ஒல்லாந்தரிடமிருந்து வந்த அச்சொல்லின் பொருள் தலைவன், எசமான் என்பதாகும். அமெரிக்க ஆங்கிலத்திற் புகுந்தபோது அதே சொல் வேலை வாங்குபவனைக் குறித்தது. இலங்கையிற் புகுந்தபோது வேலை தெரிந்தவனைக் குறித்தது. இலங்கை வழக்கே நுட்பமானது என்று தோன்றுகின்றது. இதற்குப் பழைய முன்மாதிரியும் அயலிலேயே உண்டு. பிலிமத்தலாவைக்கு அண்மையில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையை, தென்னிந்தியக் கற்றளி முறையிலே அமைத்த சிற்பி கணேசுவராசாரி என்பது கல்வெட்டினால் அறியப்படுகின்றது. ஆசாரி என்பது ஆசிரியனைக் குறிக்கும் ஆசாரியன் என்ற சொல்லின் மறுவடிவமே. கைத்தொழில் வல்லவனுக்கும் கற்பிப்பவனுக்கும் ஒரே பெயரிட்ட மொழியைப் பேசுவோர், பிற்காலத்தில் எண்ணெய் படிந்த கையோடு கைகுலுக்கத் தயங்கினர். ஞாயிற்றுக்கிழமை காருக்குக் கீழே படுக்கும் படித்தவரின் செயலில் ஒரு நன்மை உண்டெனில், அவர் மிச்சம்பிடிக்கும் கூலியில் அது இல்லை. அவ்வேலை எவ்வளவு கடினமென்று முதுகினால் அறிந்துகொள்வதில் உள்ளது. ஒருமுறை துருவேறிய ஆணியோடு போராடியவர் மறுமுறை கூலியிற் பேரம் பேசமாட்டார். பேசினும் சற்று நாணத்தோடு பேசுவார்.

மேலைத் தத்துவத்தில் இவ்விடயத்துக்குப் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது பிளேட்டோவின் குடியரசு நூலில் இரண்டாம் பகுதி: ஒருவன் ஒரு தொழிலையே செய்யின் அது செம்மையுறும் என்பது. அடம் சிமித் 1776இல் குண்டூசித் தொழிற்சாலையைக் காட்டி அதனையே பொருளியலாக்கினார். ஆயின் அதே குடியரசு நூலின் பத்தாம் பகுதியிலே, அதிகம் கவனிக்கப்படாத வேறொரு கருத்துண்டு. ஒரு கருவியின் நன்மை தீமையை அறிபவன் அதனைப் பயன்படுத்துவோனே. குழல் வாசிப்பவன் சொல்ல, குழல் செய்பவன் கேட்டு நடக்கவேண்டும் என்பது அது. மோட்டார் வண்டிக்கு இது மிகப் பொருந்தும். கடுகண்ணாவை ஏற்றத்திலே மூன்றாம் கியரில் முன்பில்லாத ஒரு முனகல் எழுந்ததும், இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் சக்கரத்திலே ஓர் உரசல் கேட்பதும், அன்றாடம் ஓட்டுபவர்க்கே தெரியும். கராஜ் முற்றத்திலே ஐந்து நிமிடம் இயக்கிப் பார்ப்பவர்க்கு அது தெரியவராது. இச்செய்தியைக் கொண்டுசென்று சொல்லுதல் உரிமையாளரின் வேலை. அதனைக் கூலிக்கு விட முடியாது. “என்னவோ சத்தம் வருகிறது, பார்த்துச் செய்யுங்கள் பாஸ்” என்று திறப்பை நீட்டிவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குபவர், பணத்தோடு தம் அறிவையும் கைவிட்டுவிடுகின்றார். பின்னர் பட்டியலிலே தேவையற்ற பாகமொன்று ஏறியிருப்பின் அதிற் பாதிப் பழி அவருடையது.

றொபேட் பேர்சிக் 1974இல் வெளியிட்ட, மோட்டார் சைக்கிள் பராமரிப்பையே தலைப்பிற் கொண்ட நூலில் கராஜ் ஒன்றின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு, வேலை தெரியாமை பற்றியதன்று, கவனமின்மை பற்றியது. வானொலிப் பாட்டைக் கேட்டபடி, தாம் செய்வதற்குத் தாமே பார்வையாளராக நிற்கும் மெக்கானிக்குகளை அது காட்டுகின்றது. அந்நூலைப் படித்தோர் பலர், ஆதலால் தன் வண்டியைத் தானே திருத்துவதே மெய்யான வாழ்வு என்ற முடிவுக்கு வந்தனர். அது அவசரமான முடிவு. வீட்டு முற்றத்திலும் கவனமின்றி வேலை செய்யலாம். யூரியூப்பில் ஒரு கண்ணும் ஸ்பானரில் ஒரு கண்ணுமாகச் செய்வோர் பலர். கவனம் கூலியோடு வருவதும் இல்லை, கூலியோடு போவதும் இல்லை.

இங்குதான் நம்பிக்கை பற்றிய கேள்வி எழுகின்றது. திருக்குறளிலே தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரம் அரசன் அமைச்சரைத் தேர்தல் பற்றியதாயினும், அதன் இறுதிக் கருத்து கராஜுக்குச் செல்பவர்க்கும் ஏற்றதே: ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகிப்பதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும். ஆராய்வதற்கோ சிறிது அறிவு வேண்டும். எண்ணெய் மாற்றிப் பழகியவர் எண்ணெய் மாற்றப்பட்டதா என்பதை அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்து அறிவார். பழகாதவர்க்குப் பட்டியலே சான்று. இந்நாட்டுக் கராஜ்களிலே, கழற்றிய பழைய பாகத்தைப் பையிலிட்டு வண்டிக்குள் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சட்டம் எழுதி உண்டாக்கியதன்று அது. ஏமாற்றவில்லை என்பதை வாய்திறவாது சொல்லும் முறை. ஆயினும் பையைத் திறந்து, தேய்ந்த பிறேக் பாட்டை விரலால் தடவிப் பார்ப்பவர் எத்தனைபேர்? பார்க்கத் தெரியாதவரிடம் காட்டப்படும் சான்று சான்றாகாது. ஆகவே வீட்டு முற்றத்துப் பயிற்சி கராஜுக்கு எதிரானது என்று கொள்வது பிழை. கராஜை நம்புவதற்கான தகுதியை அது தருகின்றது. கராஜ்காரர்க்கும் அது நன்மையே. நேர்மையாக உழைப்பவர், அந்நேர்மையைக் கண்டுகொள்ளும் வாடிக்கையாளர் ஒருவரையாவது பெறுகின்றார்.

இத்துணையும் கூறியபின் வீட்டு வேலைக்கு ஓர் எல்லையும் உண்டென்பதைச் சொல்லியாக வேண்டும். அவ்வெல்லை திறமையினால் மட்டும் அமைவதன்று. எண்ணெய் மாற்றுவதிற் பிழை நேரின் கெடுவது தன் இயந்திரம். பிறேக்கிற் பிழை நேரின் கெடுவது யாருடையது? பிலிமத்தலாவையிலிருந்து மேற்கே புறப்படும் வண்டி சிறிது நேரத்திற் கடுகண்ணாவை இறக்கத்தில் இருக்கும். நெடிய இறக்கத்திலே பிறேக்கை அழுத்திக்கொண்டே செல்வதால் அங்கு வெப்பம் பெருகுகின்றது. பிறேக் எண்ணெய் காலப்போக்கிலே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 தரத்து எண்ணெய் புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறைவாகக் கொதித்தலாகாது. நீரேறிய நிலையிலோ 140 பாகையிற் கொதிப்பினும் அத்தரம் அதனை ஏற்கின்றது. கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்கும் தன்மையது. மிதி தரைவரை போய்விடும். வீட்டிலே எண்ணெயை மாற்றியவர் குழாயிற் காற்றுக் குமிழி எஞ்சவிட்டாலும் விளைவு இதுவே. அப்போது எதிர்வளைவிலே ஏறிவரும் பேருந்திலிருப்பவர்க்கு இந்த ஞாயிற்றுக்கிழமைச் சிக்கனத்தில் யாதொரு பங்கும் இல்லை.

தனியார் கார்கள் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. அப்பரிசோதனை புகையை அளக்கும், பிறேக்கைத் தொடாது. ஆகவே அவ்விறக்கத்திலே செல்லும் காரின் பிறேக்குக்கு உரிமையாளரின் மனச்சாட்சியைத் தவிர வேறு பரிசோதகர் இல்லை என்றே சொல்லலாம். இது வீட்டிற் செய்பவர்க்கு மட்டும் உரிய குற்றச்சாட்டன்று. இரண்டு ஆண்டுக்கொருமுறையேனும் மாற்றவேண்டிய பிறேக் எண்ணெயை, “ஓடுகிறதுதானே” என்று ஐந்து ஆண்டு விட்டுவிட்டு, ஒழுங்காகக் கராஜுக்குச் சென்று காரைக் கழுவி மெழுகிட்டு வருபவர்க்கும் உரியது. ஒருவர் செய்யத் தெரியாமற் செய்தார். மற்றவர் கேட்கத் தெரியாமல் விட்டார். பேருந்துப் பயணிக்கு இரண்டும் ஒன்றே. வேலையை மாற்றிக் கொடுக்கலாம். பதில்சொல்லும் கடனை மாற்றிக் கொடுக்க இயலாது. ஜக் ஒன்றினை மட்டும் நம்பிக் காரின்கீழ் நுழைபவர் தம் உயிரையே பணயம் வைக்கின்றார் என்பதையும் இடையே குறிப்பிடுதல் தகும். தாங்கி வைக்காமல் நுழைவது வீரமன்று. அதற்கும் பதில்சொல்ல வேண்டியவர்கள் அவருக்கு வீட்டினுள்ளே இருக்கின்றனர்.

தகர வாளியிலே வடித்த கழிவெண்ணெய்க்கு வருவோம். கராஜ்களில் அதனைப் பீப்பாவிற் சேர்ப்பர். வாங்குவோர் இருப்பதால் அது கொட்டப்படுவதில்லை. நான்கு லீற்றர் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம் வாங்க எவரும் வாரார். கறையானுக்கென வேலிக் கட்டைகளிற் பூசியது போக எஞ்சியது கானில் ஊற்றப்படுகின்றது. யட்டிநுவரைக் குன்றுகளின் கான்களும் ஓடைகளும் மகாவலியை நோக்கியே செல்கின்றன. கண்டி நகரத்தார் குடிக்கும் நீரிற் பெரும்பங்கு கெட்டம்பே முதலிய இடங்களில் அம்மகாவலியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. காலையிற் கூலியை மிச்சம்பிடித்தவர் மாலையிலே கண்டியில் உறவினர் வீட்டுக்குச் சென்று தண்ணீர் கேட்டுக் குடிப்பார். இதற்கு மாற்று எளிது: வாளியிலுள்ளதைப் பழைய கலனில் ஊற்றி, மறுநாட் காலையில் வீதியோரக் கராஜிலே கொண்டுபோய்க் கொடுப்பது. பெரும்பாலான பாஸ்மார் மறுக்கமாட்டார்கள். தானே செய்பவரும் இறுதியிற் கராஜின் வாசலுக்கே வரவேண்டியிருக்கின்றது. கூலி கொடுக்கும் வாடிக்கையாளராக அன்று, உதவி கேட்கும் அயலவராக.

இவ்வழக்கின் இரு கட்சிகளையும் காலம் ஒருபுறம் தள்ளிக்கொண்டு செல்கின்றது. இன்று கண்டி வீதியில் ஓடும் கார்களிற் பல கலப்பு மின்வண்டிகள். அவற்றின் பெரிய பற்றரியிலே 200 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ மின்னழுத்தம் உண்டு. பயிற்சியற்றவர் தொடுதல் ஆபத்து. பழுதென்னவென்று சொல்லுவது காதன்று, ஸ்கானர். அது காட்டும் குறியீட்டை வாசித்து, சொன்ன பாகத்தை மாற்றும் இளைஞர், தமக்கு முன்னர் அம்முற்றத்திலே முனகலைக் கேட்டே நோயறிந்த முதியவரைவிட மூளையிற் குறைந்தவரல்லர்; ஆயினும் அவர்க்குத் தெரிந்திருப்பது உரிமையாளருக்குத் தெரிந்ததைவிட அதிகமன்று. குழல் வாசிப்பவனும் குழல் செய்பவனும் ஒருங்கே அறியாத ஒரு குழலைப் பற்றிப் பிளேட்டோ எண்ணியிருக்க இடமில்லை. உற்பத்தியாளர் மூடிவைக்கும் அறிவை உரிமையாளர்க்கும் சிறு கராஜ்களுக்கும் திறந்துவிடவேண்டுமென்ற கோரிக்கை அமெரிக்க மாநிலமாகிய மசசூசெற்சில் 2012இலேயே வாக்கெடுப்புக்கு விடப்பட்டு வென்றது. அங்கு ஒரே பக்கத்தில் நின்றவர்கள், முற்றத்தில் வேலை செய்பவரும் வீதியோரக் கராஜ்காரருமே.

எனினும் கலப்பு மின்வண்டியின் முன்மூடியைத் திறந்தால், பிறேக் எண்ணெய்க் குப்பி முன்போலவே அங்கு இருக்கின்றது. ஒளி ஊடுருவும் அதன் சுவரிலே மேலொன்று கீழொன்றாக இரு கோடுகள். எண்ணெய் அவற்றினிடையே நிற்கின்றதா, கருத்துப்போயிற்றா என்று பார்க்க ஸ்கானர் தேவையில்லை. கை அழுக்காகத் தேவையில்லை. குப்பியின் மூடியைக்கூடத் திறக்கவேண்டியதில்லை. கடுகண்ணாவை இறக்கத்துக்குப் புறப்படுமுன் அரை நிமிடம் போதும்.